ஏஐ பதில்களில் தமிழ்ப் பக்கங்கள் ஏன் வருவதில்லை?

ஆசிரியருக்கு வணக்கம்.

கூகுளில் ஒரு கேள்வி கேட்டால் இப்போது சுட்டிகளின் வரிசைக்கு மேலேயே பதில் எழுதி வந்துவிடுகிறது. சாட்ஜிபிடி, பெர்ப்ளெக்சிட்டி, கோபைலட் ஆகிய செயற்கை நுண்ணறிவு (ஏஐ) சேவைகளிலும் அப்படித்தான். பதிலுக்குப் பக்கத்தில் நாலைந்து தளங்களை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். தமிழில் கேட்டாலும் அந்த இடத்தில் நம் ஊர்க் கடை, கூட்டுறவுச் சங்கம், கோயில் நிர்வாகம், உள்ளூர்ச் செய்தித்தளம் போன்றவற்றைக் காண்பது அரிதாக இருக்கிறது. "உங்கள் தளத்தை ஏஐ பதிலில் வரவைக்கிறோம்" என்று மாதக் கட்டணம் கேட்பவர்கள் பெருகியிருப்பதற்கு இதுதான் காரணம். அந்தப் பணத்தைக் கட்டுவதற்கு முன், தளம் வைத்திருப்பவர்கள் தாங்களே பார்த்துச் சரிசெய்யக்கூடியவை நிறைய உள்ளன. பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை.

பதில் எப்படி உருவாகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்ட கேள்வியை, பதில் தரும் பொறி பல சிறு தேடல்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றுக்கும், தான் முன்பே சேர்த்துவைத்த பக்கங்களின் அட்டவணையிலிருந்து சில பக்கங்களை எடுக்கிறது. அந்தப் பக்கங்களிலிருந்து பொருத்தமான பத்திகளை மட்டும் வெட்டி எடுத்து, அவற்றை வைத்துப் பதில் எழுதுகிறது. ஆகவே பக்கங்களைப் படித்துச் சேர்க்கும் பாட் என்னும் நிரல் தளத்துக்குள் வர முடிய வேண்டும், அங்குள்ள எழுத்து அதற்குப் படிக்கக் கிடைக்க வேண்டும், வெட்டி எடுத்த பத்தி தனியே நின்று பொருள் தர வேண்டும். ஆங்கிலத் தளங்களுக்கு மூன்றாவதுதான் சிக்கல். தமிழ்த் தளங்கள் பல இரண்டாவதிலேயே நின்றுவிடுகின்றன. எனவே எழுத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பாமினி, வானவில், டிஸ்கி, டாம், டாப் என்று யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பக்கங்கள் இன்றும் தளங்களில் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் நமக்குத் தமிழ் தெரியும். எந்திரத்துக்குத் தெரியாது. பாமினியில் "தமிழ்" என்று அடித்தது எந்திரத்தைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணை பிறப்பித்தது. அதற்குப் பிறகும் பழைய எழுத்துருவில் தயாரித்து பிடிஎஃப் ஆக்கி ஏற்றும் பழக்கம் பல இடங்களில் விடவில்லை.

சோதனை எளிது. பக்கத்திலோ பிடிஎஃபிலோ ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நகலெடுங்கள், நோட்பேடில் ஒட்டுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும். தமிழ் அப்படியே வந்தால் நல்லது. ஆங்கில எழுத்துக் குவியல் வந்தால் பழைய எழுத்துரு. எதையுமே தேர்ந்தெடுக்க முடியவில்லை என்றால் அது படம். நான்காவதாக ஒன்றும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. யூனிகோடில் அடித்த கோப்பாக இருந்தாலும் சில மென்பொருள்கள் பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடுக்கிவிடும். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மெய்யெழுத்துக்கு முன்னால் போய்விடும். திரையில் "கோயில்" சரியாகத் தெரியும். நகலெடுத்து ஒட்டினால் கொம்பு தனியாக, ககரம் தனியாக, கால் தனியாகச் சிதறும். அந்தச் சொல்லைத் தேடினால் அந்தக் கோப்பு அகப்படாது. அறிவிப்பு, விதிமுறை, விலைப்பட்டியல் எதுவானாலும் பிடிஎஃபை மட்டும் நம்பாமல் அதே வாசகத்தைச் சாதாரணப் பக்கமாகவும் இடுங்கள். பிடிஎஃப் தரவிறக்கத்துக்கு இருக்கட்டும்.

பழைய எழுத்துருவை மாற்றித் தரும் இலவசக் கருவிகள் பல உள்ளன. மாற்றிய பிறகு இரண்டு இடங்களைக் கட்டாயம் பாருங்கள். ஒன்று, மூலத்தில் இடையே இருந்த ஆங்கிலச் சொற்கள், மின்னஞ்சல் முகவரிகள். கருவி அவற்றையும் பாமினி என்று எண்ணிப் பொருளற்ற தமிழாக்கிவிடும். மற்றொன்று, ஔகாரம். "கௌரி" என்பதில் வரும் ஔகாரக் குறி யூனிகோடில் ஒரே குறியீடு. பலர் ஒற்றைக் கொம்பும் ளகரமும் சேர்த்து "கெளரி" என்று அடிக்கிறார்கள். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். எந்திரத்துக்கு அது வேறு சொல். "ஔவையார்" என்பதை ஒகரமும் ளகரமும் போட்டு அடிப்பதும் இதே பிழை. 7-ஐக் குறிக்கும் பழைய தமிழ் எண்ணை (௭) எகரத்துக்குப் பதிலாக அடித்துவிடுவதும் நடக்கிறது. "ஸ்ரீ" எழுத்துக்கும் இரண்டு குறியீட்டு வழிகள் உண்டு. தளம் முழுவதும் ஒன்றையே கையாளுங்கள். கடைப்பெயரிலும் ஊர்ப்பெயரிலும் இத்தகைய பிழை இருந்தால் உள்ளே எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் பயன் குறைவு.

படத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திருவிழா அழைப்பிதழ், பள்ளிச் சேர்க்கை அறிவிப்பு, நகைக்கடை செய்கூலி விவரம், மருத்துவமனையில் எந்த மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்ற அட்டவணை எல்லாம் ஒரே ஜேபெக் படமாகத் தளத்தில் ஏறுகின்றன. பதில் தரும் பொறி கோடிக்கணக்கான படங்களையும் எழுத்தாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பார்த்தாலும் அலங்கார எழுத்துருவில் உள்ள தமிழைத் தவறாக வாசிக்கும். படத்துக்குக் கீழே அதே விவரத்தை எழுத்தாகப் போடுங்கள். அட்டவணையை அட்டவணையாகவே அமையுங்கள்.

அடுத்தது வாசல். பெரும்பாலான தளங்களின் முதன்மை அடைவில் ரோபோட்ஸ் (robots.txt) என்ற சிறு கோப்பு இருக்கும். எந்த பாட் எதைப் படிக்கலாம் என்று அதுதான் சொல்கிறது. இதில் நடக்கும் குழப்பம், எல்லா ஏஐ பாட்களையும் ஒன்றாக நினைப்பது. சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐ நிறுவனத்துக்கே முக்கியமாக மூன்று உண்டு. ஜிபிடிபாட், ஏஐ மாதிரியைப் பயிற்றுவிக்கத் தரவு சேர்ப்பது. ஓஏஐ-சர்ச்பாட், சாட்ஜிபிடி தேடலில் தளத்தைக் காட்டுவதற்காக வருவது. சாட்ஜிபிடி-யூசர், யாரோ ஒருவர் கேட்ட கேள்விக்காக அந்த நேரத்தில் வந்து பார்ப்பது. கிளாட் என்ற ஏஐயை நடத்தும் ஆந்த்ரோபிக் நிறுவனமும் கிளாட்பாட், கிளாட்-சர்ச்பாட், கிளாட்-யூசர் என்று இப்படியே பிரித்திருக்கிறது. எழுத்துரிமை காரணமாகப் பயிற்சிக்கு இடம் தர மறுப்பது ஒரு பதிப்பாளரின் உரிமை. ஏஎன்ஐ செய்தி நிறுவனம் 2024 நவம்பரில் ஓப்பன்ஏஐ மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கே தொடர்ந்தது. ஆனால் பயிற்சியைத் தடுக்க விரும்புபவர் ஜிபிடிபாட்டை மட்டும் தடுத்து, ஓஏஐ-சர்ச்பாட்டைத் திறந்துவைக்க முடியும். இணையத்தில் கிடைத்த நீளமான பட்டியலை நகலெடுத்து ஒட்டுபவர்கள் இரண்டையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள். பிறகு சாட்ஜிபிடியில் தங்கள் பெயர் வரவில்லை என்று வருந்துகிறார்கள்.

கூகுளின் வழி வேறு. தேடலின் மேலே வரும் ஏஐ பதிலுக்குத் தனி பாட் கிடையாது. வழக்கமான கூகுள்பாட்தான் அதற்கும். கூகுள்-எக்ஸ்டெண்டட் என்ற பெயரைத் தடுத்தால் கூகுளின் தனி ஏஐ சேவையான ஜெமினிக்கான பயன்பாடு மட்டுமே தடைபடும். தேடலில் வரும் ஏஐ பதில் பாதிக்கப்படாது. வாசகத்தை எடுத்துக் காட்டாதே என்று சொல்லும் "நோ-ஸ்னிப்பெட்" குறி பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கம் ஏஐ பதிலில் வராது. தேடலில் தளத்தை முன்னுக்குக் கொண்டுவரப் போட்ட பழைய எஸ்இஓ செருகுநிரல் ஒன்று அந்தக் குறியைப் போட்டுவைத்திருப்பதும் உண்டு; பக்கத்தின் மூலத்தில் தேடிப் பாருங்கள். இன்னொரு விதி: ரோபோட்ஸ் கோப்பில் ஒரு பாட்டின் பெயரைச் சொல்லித் தனிப் பகுதி எழுதினால், அந்த பாட் அதை மட்டுமே படிக்கும், எல்லாருக்குமான நட்சத்திரக்குறிப் பகுதியைப் பொருட்படுத்தாது. எனவே நிர்வாகப் பக்கங்களை மறைக்கும் வரிகளைத் தனிப் பகுதியிலும் மீண்டும் எழுத வேண்டும். மாற்றம் பலிக்க ஒரு நாள் ஆகலாம்.

கோப்பு சரியாக இருந்தும் உள்ளே வர முடியாத நிலை உண்டு. தளங்களுக்கு முன்னே காவலாக நிற்கும் கிளவுட்ஃப்ளேர் சேவை 2025 ஜூலையிலிருந்து, புதிதாகச் சேரும் தளங்களில் ஏஐ பாட்களைத் தடுப்பதையே இயல்பு அமைப்பாக வைத்திருக்கிறது. தளம் அமைத்துக் கொடுத்தவர் அதைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம். ஹோஸ்டிங் நிறுவனங்களின் பாதுகாப்பு வடிகட்டியும் பாட்களைத் திருப்பி அனுப்பும். சர்வர் பதிவேட்டில் பாட்டின் பெயருக்கு எதிரே, அனுமதி மறுப்பைக் குறிக்கும் 403 என்று இருந்தால் அடைப்பு அங்கேதான். பொய்ப் பெயரில் வரும் பாட்களும் இருப்பதால், உண்மையா என்று அறிய ஓப்பன்ஏஐ, கூகுள் போன்றவை வெளியிடும் ஐபி முகவரிப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். வேர்ட்பிரஸ் மென்பொருளில் கட்டிய தளம் என்றால் அமைப்புகளில் "ரீடிங்" பகுதிக்குப் போய், தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். தளம் கட்டும் காலத்தில் போட்ட டிக் அப்படியே பல மாதம் இருந்துவிடும்.

உலாவியில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் மூலம் மட்டுமே எழுத்து தோன்றும் தளங்கள் மற்றொரு வகை. கூகுள் அதை இயக்கிப் பார்க்கும். மற்ற ஏஐ பாட்களில் பெரும்பாலானவை இயக்குவதில்லை. கணினியில் கன்ட்ரோல், யூ இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பக்கத்தின் மூலம் திறக்கும். உங்கள் செய்தியின் முதல் வரி அதில் இல்லை என்றால் அந்த பாட்களுக்கும் அது இல்லை. தளம் கட்டியவரிடம் "சர்வரிலிருந்தே உருவாக்கி அனுப்புங்கள்" என்று கேளுங்கள்.

முகவரி பற்றி ஒரு சிறு செய்தி. தமிழில் தலைப்பு வைத்தால் வேர்ட்பிரஸ் அதையே பக்க முகவரியாக்கும். யூனிகோடின் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் முகவரியில் 9 எழுத்தாக விரியும். வேர்ட்பிரஸ் அந்தப் பகுதிக்கு ஒதுக்குவது 200 எழுத்து. ஆக 22 குறியீட்டோடு தலைப்பு வெட்டுப்படும். மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடு என்பதால் இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் தாங்காது. ஒரே மாதிரி தொடங்கும் தலைப்புகள் கடைசியில் எண் ஒட்டிய ஒரே முகவரியாகத் தெரியும். இதனால் பக்கம் மறைந்துவிடாது. ஆனால் பகிரும்போது முகவரி உடைவதும் குழம்புவதும் நடக்கும். ஆங்கில எழுத்தில் சுருக்கமாக முகவரி வைப்பதே நல்லது. பழைய முகவரிகளை மாற்றுவதாக இருந்தால் பழையதற்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் 301 திருப்பம் கட்டாயம்.

இனி எழுதும் முறை. செய்தித்தாள்களுக்கு நேராகச் சொல்ல வேண்டியது இங்கேதான் இருக்கிறது. "நாளை மின்தடை" என்ற செய்தி அச்சில் மிகச் சரியானது. மேலே தேதி இருக்கிறது. இணையத்தில் அந்தப் பத்தியை மட்டும் பொறி வெட்டி எடுக்கும்போது "நாளை" என்பதற்குப் பொருளில்லை. கிழமை, தேதி, ஆண்டு, மாவட்டம், துணை மின்நிலையத்தின் பெயர், தொடங்கும் நேரம், முடியும் நேரம் ஆகிய ஏழும் முதல் இரண்டு வாக்கியங்களுக்குள் இருந்தால் அந்தப் பத்தி தனியே நிற்கும். நேற்று, இன்று, கடந்த வாரம், இந்த ஆண்டு என்ற சொற்களுக்குப் பக்கத்திலேயே தேதியைச் சேர்க்கும் வழக்கத்தை இணையப் பிரிவு மேற்கொள்ள வேண்டும். "இத்திட்டம்", "மேற்கண்ட அலுவலகம்", "அவர்" என்று தொடங்கும் பத்திகளிலும் பெயரை ஒருமுறை திரும்பச் சொல்லிவிடலாம். நடையழகு சற்றுக் குறையும். அதை ஏற்கத்தான் வேண்டும்.

ஊர்ப்பெயரில் இன்னும் கவனம் தேவை. திருப்பத்தூர் என்று மட்டும் எழுதினால் அது 2019-ல் வேலூரிலிருந்து பிரிந்த மாவட்டமா, சிவகங்கை மாவட்டத்து ஊரா என்று தெரியாது. ஆலங்குளம் தென்காசி மாவட்டத்திலும் உண்டு, விருதுநகர் மாவட்டத்திலும் உண்டு. தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்கள் 2019-லும் அதன் பிறகு மயிலாடுதுறையும் உருவாயின. இந்த ஊர்களைப் பற்றிய பழைய பக்கங்களில் தாய் மாவட்டத்தின் பெயர்தான் இன்னும் நிற்கிறது. ஏஐ பதில் பழைய மாவட்டத்தைச் சொல்வதற்கு அந்தப் பக்கங்களும் காரணம். பழைய செய்தியின் உடலை மாற்ற வேண்டாம். மேலே தேதியிட்ட ஒரு குறிப்பு போதும். கடைகளும் நிறுவனங்களும் தங்கள் முகவரிப் பக்கத்தை உடனே திருத்த வேண்டும். நெல்லை, கோவை, தஞ்சை, திருச்சி என்ற சுருக்கங்களோடு முழுப்பெயரும் ஒருமுறை வரட்டும்.

அளவுகளும் அப்படியே. காவிரி டெல்டாவில் "மாவுக்கு இவ்வளவு விதை" என்றால் விவசாயிக்கு விளங்கும். 100 குழி ஒரு மா, ஏறத்தாழ 33 சென்ட், மூன்று மா ஓர் ஏக்கர் என்ற கணக்கு வேறு பகுதியில் செல்லாது. குழியின் அளவே ஊருக்கு ஊர் மாறும். உள்ளூர் அளவைச் சொல்லி, உடனே ஏக்கரிலோ சென்டிலோ சொல்லுங்கள். எந்தப் பருவம், எந்த ரகம், நேரடி விதைப்பா நடவா என்பது இல்லாமல் விதையளவை மட்டும் எழுதினால், வழக்கமான நடவுக்கும் ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ மட்டுமே கேட்கும் ஒற்றை நாற்று நடவுக்கும் இடையே பொறி தடுமாறும். தவறான பதிலால் நட்டம் விவசாயிக்கு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மக்கள் கேட்பது கலப்பு மொழியில். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிக் கேட்பவர்களும் நிறையப் பேர். பொறி சில நேரம் கேள்வியை ஆங்கிலமாக்கித் தேடுகிறது. அப்போது ஆங்கிலப் பக்கங்களே முந்துகின்றன. அதற்காக நம் பக்கத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டியதில்லை. பொருளின், திட்டத்தின், நோயின், சான்றிதழின் ஆங்கிலப் பெயரை ஆங்கில எழுத்தில் முதல் பத்தியில் ஒருமுறை தந்தால் போதும். துணைத்தலைப்புகளை மக்கள் கேட்கும் கேள்வியின் சொற்களிலேயே வைத்து, அடுத்த இரண்டு வாக்கியத்தில் நேர்ப் பதிலையும் அதன் பின் விளக்கத்தையும் தாருங்கள். பதிலைப் பத்தாவது பத்தி வரை இழுத்துச் செல்லும் தளங்கள் இப்போது தோற்கின்றன, அது நல்லதே.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தினரும் பிறரும் 2023-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தத் துறையில் அதிகம் பேசப்படுகிறது. நம்பகமான மூலத்தைக் குறிப்பிடுவது, மேற்கோள் தருவது, எண்ணால் சொல்வது ஆகியவை ஏஐ பதிலில் ஒரு பக்கம் பெறும் இடத்தை 40 சதவீதம் வரை கூட்டின என்றும், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் திணிப்பது பயன் தரவில்லை என்றும் அது காட்டியது. சோதித்தது ஆங்கிலக் கேள்விகளில் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, திசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அரசாணை எண், தேதி, வெளியிட்ட துறை ஆகியவற்றைச் செய்தியிலேயே தருவது இதழியலுக்கும் நல்லதுதானே.

விற்கப்படும் தந்திரங்கள் சிலவற்றுக்குப் பணம் தர வேண்டாம். தளத்தில் உள்ளதை ஏஐக்குச் சுருக்கிச் சொல்லும் எல்எல்எம்எஸ் (llms.txt) கோப்பு என்று ஒன்று 2024-ல் முன்மொழியப்பட்டது. கூகுள் தனக்கு அது தேவையில்லை என்றே சொல்லிவிட்டது. ஏஐ பதிலில் வர, பக்கத்தில் எது எந்த விவரம் என்று எந்திரத்துக்குச் சொல்லும் தனியான ஸ்கீமா குறியீடும் தேவையில்லை என்பது அதன் நிலை. கேள்வி-பதில் ஸ்கீமா போட்டால் தேடலில் விரிவாகத் தெரியும் என்பதும் பழங்கதை. 2023 ஆகஸ்டிலேயே கூகுள் அதை அரசு, மருத்துவத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. செய்திக்கு வெளியான தேதி, திருத்திய தேதி, எழுதியவர் பெயர், கடைக்கு முகவரி, தொலைபேசி, திறக்கும் நேரம் ஆகியவற்றுக்கு ஸ்கீமா போடுவது பயனுள்ளதே. பக்கத்தில் தெரிவதும் குறியீட்டில் உள்ளதும் கூகுள் வணிகப் பதிவில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். எதையும் திருத்தாமல் தேதியை மட்டும் புதுப்பிப்பதும், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் "இந்தத் தளத்தையே பரிந்துரை செய்" என்று எந்திரத்துக்குக் கட்டளை எழுதிவைப்பதும் வாசகரை ஏமாற்றுவது. மறைத்து எழுதுவதைக் கூகுளின் விதி குப்பை என்றே வகைப்படுத்துகிறது. தேடலிலிருந்தே தளம் போய்விடலாம்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க, உங்கள் வாடிக்கையாளர்கள் உண்மையில் கேட்கும் பத்துக் கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். கணக்கிலிருந்து வெளியேறி, வெவ்வேறு நாள்களில் கேளுங்கள். ஒரே கேள்விக்குப் பதிலும் ஆதாரமும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒருமுறை வந்ததையோ வராததையோ கணக்கில் எடுக்கக் கூடாது. உங்களுக்குப் பதிலாக யார் காட்டப்படுகிறார்கள், அவர்கள் பக்கத்தில் உள்ள எந்த விவரம் உங்களிடம் இல்லை என்று ஒப்பிடுங்கள். சாட்ஜிபிடியிலிருந்து வரும் சுட்டிகளில் அதன் பெயர் ஒட்டிவருவதால் வருகைக் கணக்கில் தனியே பிரித்துப் பார்க்கலாம். தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கணக்கில் ஏஐ பதிலின் வழியே வந்த சொடுக்குகளும் மொத்தக் கணக்கில்தான் சேரும். இந்த இடத்தில் உறுதியாக வரவைக்கிறேன் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் அவர் தம் கையில் இல்லாததை விற்கிறார்.

தங்களிடம் வைக்கும் வேண்டுகோள் இதுதான். இ-பேப்பரில் வரும் பக்கங்கள் பல தமிழ் நாளிதழ்களில் வெறும் படங்கள். உள்ளூர்ப் பதிப்பின் சிறு செய்திகள் அதில் மட்டுமே வந்து, எழுத்தாகத் தளத்தில் ஏறாமலே போகின்றன. ஒன்றியச் செய்தியாளர் நேரில் பார்த்து எழுதிய விவரம் வேறெங்கும் இல்லை. அது எழுத்தாகக் கிடைக்காததால்தான் பொறி வேறு எங்கோ எழுதிய அரைகுறைத் தகவலை எடுத்துக்கொள்கிறது. முழுவதையும் ஒரேயடியாக ஏற்ற ஆள் போதாது என்பது புரிகிறது. மின்தடை, கொள்முதல் நிலையம், அணை நீர்மட்டம், சந்தை விலை, தேர்வு அறிவிப்பு, கோயில் திருவிழா ஆகிய ஆறு வகைச் செய்திகளை மட்டும் மாவட்டப் பெயரோடும் முழுத் தேதியோடும் தினமும் எழுத்தாக ஏற்றத் தொடங்கலாம். பழைய எழுத்துருவில் கிடக்கும் தொகுப்பை அடுத்த கட்டமாக, ஆண்டு வாரியாக மாற்றலாம். மாற்றும்போது ஔகாரத்தையும் மின்னஞ்சல் முகவரிகளையும் சரிபார்க்க ஒருவரை நியமித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இணையதளப் பராமரிப்பாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.